ஸ்கூட்டர் ஸ்ராட் வராவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் மீண்டும் திறந்து விட்டார்கள். ஆனால் விலை கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. ஆகவே பத்துப் பதினைந்து வருடம் ஓடிக் களைத்த ஸ்கூட்டிப் பெப்பும் டியோவும் பிளஷரும்தான் வன்னியில் இன்னமும் ஆசிரியைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், குடும்பநல உத்தியோகத்தர்களைக் கிளினிக்குக்கும், பிள்ளைகளை ரியூசனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மாலையில் ஒழுங்காக வந்து நின்ற வண்டி காலையில் எவ்வளவு உதைத்தாலும் அசையாது. பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஏற்றிக் கராஜுக்குக் கொண்டு போவார்கள். பின்னேரம் அது புது சி.டி.ஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பும் பெட்டி), புதுப் பற்றரி, சிலவேளை புதுக் காபரேற்றரோடும் (பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் சாமான்) திரும்பி வரும். ஓடும்தான். மூன்றில் எது பழுதாகியிருந்தது என்று கேட்டால் திருத்தியவருக்கும் தெரியாது, காசு கொடுத்தவருக்கும் தெரியாது.

நேற்றுவரை ஓடிய வண்டியில் மூன்று சாமான் ஒரே இரவில் பழுதாகாது. பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும். கண்டுபிடிக்கக் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: பெற்றோல் போகவில்லையா, கறண்ட் வரவில்லையா? சிலிண்டருக்குள் பொறி அடிக்கும் பிளக்கைக் கழற்றும் சாவி ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டு முற்றத்திலேயே பதில் கிடைக்கும். அதன்பிறகு கராஜுக்குப் போகிறவர், “ஸ்ராட் வருதில்லை அண்ணை” என்று சொல்லாமல், “பிளக் நனைஞ்சிருக்கு, கறண்ட் இல்லை” என்று சொல்லலாம். பில்லில் வித்தியாசம் தெரியும். இங்கே எழுதுவது காபரேற்றர் உள்ள ஸ்கூட்டர்களுக்கு மட்டும். இன்ஜெக்சன் வண்டிகளின் கதை வேறு.

முதலில் ஒரு வேண்டாத வேலையைச் சொல்லிவிடுகிறேன். கியர் உள்ள மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஸ்ராட் பண்ணுவதுபோல ஸ்கூட்டரைத் தள்ளுகிறார்கள். வியர்வைதான் மிச்சம். ஸ்கூட்டரின் பின்சில்லுக்கும் இயந்திரத்துக்கும் இடையில் இருப்பது சுற்றும் வேகத்தில் தானாக விரிந்து பிடிக்கும் கிளட்ச். இயந்திரம் நிற்கும்போது அது விட்டுத்தான் இருக்கும். ஏ9 வீதியில் பரந்தனிலிருந்து முறிகண்டி வரைக்கும் தள்ளினாலும் பிஸ்டன் ஒருமுறைகூட ஏறி இறங்காது.

பொத்தானை அழுத்தி ஸ்ராட் பண்ணும் செல்ஃப் வேலை செய்யாததையும் இயந்திரம் பிடிக்காததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கிக்கரில் உதைத்து ஸ்ராட் வந்தால் இயந்திரம் நல்லது. செல்ஃபின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். செல்ஃபை அழுத்தும்போது ஒரு சத்தமும் இல்லையா? பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அதற்குப் பிரேக் பிடியில் ஒரு சின்ன சுவிச் இருக்கிறது. பிரேக்கைப் பிடித்தபடி பின்லைற்றைப் பாருங்கள். எரியாவிட்டால் மற்றப் பிடியைப் பிடித்து அழுத்துங்கள். அதில் வேலை செய்தால் முதல் சுவிச்தான் போயிருக்கிறது, மலிவான சாமான். இரண்டிலும் இல்லை, ஹோனும் அடிக்கவில்லை என்றால் பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். செப்புக் கம்பி சுற்றுகிற பழக்கத்தால் வயர்க்கட்டு முழுதும் உருகிப்போன வண்டிகள் உண்டு.

அழுத்தும்போது ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளில் வெள்ளை பச்சையாகப் பூத்திருக்கிறது. பூத்ததை அப்பச்சோடா கலந்த சுடுநீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினால் போதும். மீற்றர் இருந்தால், இரவு முழுக்க நின்ற பற்றரியில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12 இற்குக் கீழே என்றால் வெறுமை. செல்ஃபை அழுத்தும் நேரத்தில் 9.6 இற்குக் கீழே விழுந்தால், சார்ஜ் போட்டாலும் அந்தப் பற்றரி அதிக நாள் நிற்காது. புதுப் பற்றரி வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கிப் பற்றரி முனையில் அளந்தால் 13.5 இற்கும் 14.8 இற்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறாமல் 12 இலேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15 ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பற்றரியை வேகவைக்கிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் புதுப் பற்றரியும் பழையதன் வழியே போகும்.

இனி, உதைத்தாலும் பிடிக்காத வண்டி. கிக்கரில் பத்துத் தரம் நன்றாக உதையுங்கள். உடனே பிளக் கப்பை இழுத்துக் கழற்றி, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள். நம் கிரவல் வீதிகளின் செம்மண் அந்தக் குழிக்குள் அடைந்திருக்கும். துடைக்காமல் கழற்றினால் அது சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனைக் கீறும். பழைய டூ ஸ்ரோக் டியோவுக்கு 21 மில்லிமீற்றர் பிளக் சாவி வேண்டும். நான்கு ஸ்ரோக் சின்ன ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 16.

கழற்றிய பிளக்கின் நுனியைப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். நனைந்து பெற்றோல் மணந்தால் பெற்றோல் வந்து சேர்கிறது, எரியவில்லை. காய்ந்து, மணமே இல்லாமல் இருந்தால் பெற்றோல் வரவில்லை. மற்ற எல்லாச் சோதனைகளும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் கிளை பிரியும். கரிபடிந்து கறுத்திருந்தால் காற்றுக் குறைவு, அல்லது குளிர்ந்த ஸ்ராட்டுக்குக் காற்றைக் குறைக்கும் சோக் மூடியபடி நிற்கிறது. ஒயில் பிசுபிசுப்பாக இருந்தால் டூ ஸ்ரோக்கில் ஒயில் கூடிவிட்டது. நான்கு ஸ்ரோக்கில் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. இளம் மண்ணிறம் என்றால் நல்ல பிளக்.

நனைந்த பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கப்பைக் கொழுவி, பிளக்கின் இரும்பு உடலைச் சிலிண்டர் தலையின் வெற்று உலோகத்தில் அழுத்தி வையுங்கள். பிளக் கழற்றிய துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து பெற்றோல் ஆவி வரும், பொறி பட்டால் பற்றும். நிழலான இடத்தில் இன்னொருவர் உதைக்க, நீங்கள் நுனியைப் பாருங்கள். நீலமாய், தடிப்பாய், ‘சட் சட்’ என்று பொறி அடிக்க வேண்டும். மஞ்சளாய் மெலிந்து வந்தால் பலவீனம். பிளக்கை உலோகத்தில் வைக்காமல் கப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு உதைப்பது சி.டி.ஐக்கும், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் கொயிலுக்கும் கேடு. நல்ல சி.டி.ஐயைச் சோதிக்கிறேன் என்று கொல்லும் வழி அதுதான்.

பொறி இல்லை என்றால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் வேறு பிளக் ஒன்று. இடைவெளி பொதுவாக 0.6 இலிருந்து 0.8 மில்லிமீற்றருக்குள், வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். அடுத்தது பிளக் கப். அது வயரில் திருகி ஏற்றப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவரும். வயர் நுனி பச்சை பிடித்திருந்தால் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். மழைக்காலத்தில் ‘கறண்ட் போச்சு’ என்று வருகிற வண்டிகளில் கணிசமானவை இந்த இடத்தில் சரிவரும். கப்பை மீற்றரால் அளந்தால் பெரும்பாலானவற்றில் 5 கிலோ ஓம் அளவு காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது.

அதற்கும் சரிவராவிட்டால் வயர்களைப் பாருங்கள். வன்னியில் இது அலட்சியம் பண்ணக்கூடிய விடயம் அல்ல. நெல் மூட்டை வைத்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினால், மூட்டைக்கு வந்த எலி ஸ்கூட்டரின் முன்மூடிக்குள்ளும் இருக்கைக்குக் கீழும் குடியேறும். பழைய ஏ.சி வகை சி.டி.ஐயில் சாவிச் சுவிச் இயந்திரத்தை நிறுத்துவது ஒரு வயரை எர்த் பண்ணித்தான். ஹொண்டா வண்டிகளில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். எலி கடித்து அந்த வயர் சட்டத்தில் பட்டால், சாவி போட்டிருந்தாலும் போடாததுபோலத்தான். சி.டி.ஐயில் அந்த வயரை மட்டும் கழற்றிவிட்டு உதையுங்கள். பொறி வந்தால் சி.டி.ஐ நல்லது, பழுது வயரில் அல்லது சுவிச்சில். சோதித்ததும் திரும்பக் கொழுவுங்கள், இல்லாவிட்டால் சாவியை அணைத்தாலும் இயந்திரம் நிற்காது.

சி.டி.ஐ இரண்டு வகை. ஏ.சி வகைக்கு, இயந்திரத்தோடு சுழலும் மக்னெற்றுக்குள் இருக்கும் கொயிலே மின்சாரம் தரும். பற்றரி செத்திருந்தாலும் உதைத்தால் பொறி வரும். டி.சி வகைக்குப் பற்றரி வேண்டும். பற்றரி அடியோடு போனால் கிக்கரும் உதவாது. ஆகவே டி.சி வண்டியில் பொறி இல்லை என்று சொல்வதற்கு முன் பற்றரியைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வகைப் பெட்டியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை. மாறிக் கொழுவினால் புதுப்பெட்டியும் போகும்.

பிளக் காய்ந்திருந்தால் வேலை மறுபக்கம். ராங்கியின் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். பழைய வண்டியின் பெற்றோல் முள்ளை நம்பக் கூடாது. திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டி சில கிலோமீற்றர் ஓடி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடும். ஆள்களும் ‘சூடாகி நிக்குது’ என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்து காபரேற்றரின் அடிக்கிண்ணத்திலுள்ள சின்ன ஸ்குறூவைத் தளர்த்தி, அதன் குழாயை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். இரண்டு மூன்று கரண்டி பெற்றோல் வர வேண்டும். வருவதை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் முத்து முத்தாய் உருண்டு நிற்கும். மாரி மழையில் திறந்த வெளியில் நின்ற வண்டிக்கும், கானில் வாங்கி மாதக்கணக்கில் வைத்த பெற்றோலுக்கும் இது அவசியமான சோதனை. 2022 தட்டுப்பாட்டு நேரம் பழகிய சேமிப்பைச் சிலர் இன்னும் விடவில்லை. பழைய பெற்றோல் வார்னிஷ் போல மணக்கும். காபரேற்றரின் சிறு துளைகளில் பசையாய்ப் படியும். மண்ணெண்ணெய் கலந்ததா என்று சந்தேகமென்றால் வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பெற்றோல் சில நிமிடத்தில் தடமில்லாமல் பறக்கும்; மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

கிண்ணத்திலிருந்து ஒன்றும் வரவில்லையா? டியோ போன்ற பல ஸ்கூட்டர்களில் பெற்றோல் தானாக இறங்காது. இயந்திரம் சுழலும்போது உண்டாகும் இழுவை ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சென்று ராங்கியின் அடியில் பெற்றோலை விட்டு நிறுத்தும் தப்பைத் (tap) திறக்கும். பெற்றோல் முற்றாக முடிந்து ஓடி நின்ற வண்டிக்கு ஊற்றியவுடன் ஸ்ராட் வராததன் காரணம் இதுதான். கிண்ணம் நிரம்பும்வரை பதினைந்து இருபது உதை வேண்டும். செல்ஃப் என்றால் ஐந்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து அழுத்தாமல், இடையில் ஆறவிட்டு அழுத்துங்கள். சோதிப்பதற்குக் காபரேற்றருக்கு வரும் பெற்றோல் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு, மெல்லிய இழுவைக் குழாயில் வாய் வைத்து லேசாக இழுங்கள். இழுக்க ஓட வேண்டும், விட நிற்க வேண்டும். இழுத்தும் ஓடாவிட்டால் தப்பின் உள்தோல் கிழிந்திருக்கும், அல்லது பில்டர் அடைத்திருக்கும். இழுவைக் குழாய்க்குள்ளேயே பெற்றோல் வந்தால் தோல் கிழிந்து பெற்றோல் நேரே இயந்திரத்துக்குள் போகிறது; பிளக் எப்போதும் நனைந்தே இருக்கும். பல வேளைகளில் குழாயின் நுனி வெடித்திருப்பது மட்டும்தான் பழுது. ஒரு சென்ரிமீற்றர் வெட்டிக் கொழுவினால் முடிந்தது.

கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் காபரேற்றருக்குள் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளைச் சாமானான பைலட் ஜெற் அடைத்திருக்கிறது. குளிர்ந்த இயந்திரம் ஸ்ராட் வருவது அந்த ஜெற்றின் தயவில். அதன் துளை அரை மில்லிமீற்றர்கூட இல்லை. கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் வட்டமாய் வெளிச்சம் தெரிய வேண்டும். காபரேற்றர் கிளீனரும் காற்றும் அடியுங்கள். மிஞ்சினால் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழை. தையல் ஊசி போட்டுக் குத்தினால் துளை பெருத்து, பிறகு வண்டி பெற்றோல் குடிக்கும்.

எந்தப் பக்கம் பழுது என்று இன்னமும் சந்தேகமென்றால் ஒரு சோதனை இருக்கிறது. அதை வன்னியில் ஐம்பது வயது கடந்தவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத காலம், சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் இந்த வீதிகளில் இருந்தன. அதே வேலைதான்: பிளக் துளைக்குள் அரைத் தேக்கரண்டி பெற்றோல், அதாவது 2 அல்லது 3 மில்லிலீற்றர், விட்டுப் பிளக்கைப் பூட்டி உதையுங்கள். இரண்டு மூன்று செக்கன் ஓடி நின்றால் கறண்டும் அமுக்கமும் (பிஸ்டன் காற்றை அழுத்தும் பலம்) சரி, காபரேற்றர் பக்கம்தான் பழுது. ஓடவே இல்லை என்றால் காபரேற்றரைத் தொடாதீர்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள். சிகரெட்டும் அடுப்பும் கிட்ட இருக்கக் கூடாது.

பொறியும் இருக்கிறது, பெற்றோலும் வருகிறது, பிளக் நனைந்தபடியே இருக்கிறது என்றால் வண்டி ‘ஃபிளட்’ ஆகியிருக்கலாம், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கூடிவிட்டது. அக்சிலேற்றரை முழுதாக முறுக்கிப் பிடித்தபடி எட்டுப் பத்து உதை. சோக்கைத் தொடக் கூடாது. பிடிக்காவிட்டால் காற்றுப் பில்டரைப் பாருங்கள். சோளகக் காற்றுக்காலத்தில் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்து உள்வீதிகளில் ஓடிய வண்டியின் பில்டரைத் தட்டினால் ஒரு பிடி செம்மண் கொட்டும். கடதாசிப் பில்டரைக் கழுவ ஏலாது, மாற்றத்தான் வேண்டும். பஞ்சுப் பில்டர் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, லேசாக ஒயில் தடவிப் போடலாம். சைலன்சரின் வாயில் கையை வைத்து உதைக்கச் சொல்லுங்கள். காற்று அடிக்காவிட்டால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஒரு மாதம் சும்மா நின்ற வண்டியில் இது புதினம் இல்லை. டூ ஸ்ரோக் என்றால் கரிக்கட்டியும் அடைக்கும்.

கடைசியாக அமுக்கம். பிளக் துளையைப் பெருவிரலால் அழுத்தி மூடி உதைத்தால் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெடித்து வர வேண்டும். கேஜ் வைத்தால் நல்ல நான்கு ஸ்ரோக் இயந்திரம் 140 பி.எஸ்.ஐயைத் தாண்டும்; 100 இற்குக் கீழ் என்றால் ஸ்ராட் வருவது கஷ்டம். துளைக்குள் ஒரு தேக்கரண்டி இயந்திர ஒயில் விட்டுத் திரும்ப அளக்க ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. காலையில் உயிரை வாங்கி, சூடானபின் ஒழுங்காய் ஓடும் நான்கு ஸ்ரோக் வண்டியில் வால்வு இடைவெளி இறுகியிருக்கக்கூடும். அது ஒரு கடதாசித் தடிப்பளவுதான்; புதுச் சாமான் எதுவும் தேவையில்லை, அரைமணி நேர வேலை. இதற்குப் போய் இயந்திரத்தைப் பிரித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி விடயம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது கிளிநொச்சியில் மூழ்கியவை போன்ற வண்டிகளில் முதலில் உதைக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது; கொனெக்டிங் ரொட்தான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் முழுதாக இறக்கி, புதிதாக ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, அதையும் இறக்கி இன்னொரு தரம் ஊற்ற வேண்டும். சின்ன நான்கு ஸ்ரோக் ஸ்கூட்டர்களுக்கு ஒரு தரம் முக்கால் லீற்றர் அளவுதான் பிடிக்கும். ராங்கி, காபரேற்றர், காற்றுப் பில்டர் பெட்டி, பெல்ட் மூடி ஆகிய நான்கிலும் தண்ணீர் வடிய வேண்டும்.

பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது கையால் முடிந்தவரை திருகிவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும். புதுப் பிளக் என்றால் அதற்குமேல் அரைச் சுற்று, பழையது என்றால் எட்டில் ஒரு சுற்று. சிலிண்டர் தலை அலுமினியம். புரி போனால் இதுவரை மிச்சம்பிடித்ததெல்லாம் லேத் கடைக்குப் போகும்.

பாட்ஸ் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: சி.டி.ஐ விற்கும்போது ஏ.சியா டி.சியா என்று பெட்டியிலும் பில்லிலும் எழுதுங்கள். கராஜ்காரர்களிடம் இரண்டு: எந்தச் சோதனை செய்து எது பழுது என்று கண்டீர்கள் என்பதைப் பில்லின் பின்பக்கம் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள், கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். அதே மொடல் வண்டி ஊரில் இன்னொன்று இருக்கும். பழைய சி.டி.ஐயை அதில் கொழுவி ஒருதரம் உதைத்தால், மாற்றியது தேவைக்கா தேவையில்லாமலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஸ்கூட்டர் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.